ஏழாவது வாரத்து வகுப்பு

இன்று காலை ஈசூனில் ரயில் ஏறி உட்கார்ந்தேன். பக்கத்து இருக்கையில் இருந்த சீன அம்மாள் கைப்பையிலிருந்து கோடாலித் தைலப் புட்டியை எடுத்து நெற்றிப்பொட்டில் தேய்த்துக்கொண்டார். அவ்வளவுதான், அந்த வாசனையோடு என் நினைவில் நீங்கள் வந்துவிட்டீர்கள். வகுப்புக்குள் நுழையும் முன்னால் மூன்றாம் மாடிப் படிக்கட்டில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டே இதே தைலத்தைத் தேய்ப்பீர்கள். தலைவலியா சார் என்று நான் கேட்டால், "இல்ல டீச்சர், இனிமேதான் வரும். நீங்க இருக்கீங்களே" என்பீர்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கரித்தது. தைலம் என் கண்ணில் பட்டுவிட்டதோ என்று பயந்து அந்த அம்மாள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

என் பையில் ஒரு கடிதம் இருந்தது. கல்லூரி இயக்குநர் கையெழுத்துப் போட்டது. ரத்து செய்யப்பட்ட வகுப்பை எந்த அதிகாரத்தில் நடத்தினீர்கள், மூன்று நாளுக்குள் எழுத்து மூலம் விளக்கம் தரவும் என்று கேட்டிருக்கிறார்கள். இருபத்தொரு வருஷம் இந்த இடத்தில் மாடிப்படி ஏறி முட்டி தேய்ந்தவளிடம் அதிகாரம் எங்கே என்று கேட்கிறார்கள். கேட்கட்டும். வகுப்பறை காலியாக இருக்கிறது, மாணவர்கள் ஏழு மணிக்குத்தான் வருவார்கள். இயக்குநருக்கு எழுத வேண்டிய விளக்கத்தை முதலில் உங்களுக்கு எழுதுகிறேன். உங்களுக்கு எழுதும்போதுதான் எனக்குப் பூசி மெழுக வராது.

நம்முடையது கல்லூரி என்று சொன்னால் கேட்பவர்கள் ஏதோ பெரிய வளாகத்தைக் கற்பனை செய்துகொள்வார்கள். சிராங்கூன் சாலைக்குப் பின்சந்தில், மசாலா அரைக்கும் கடைக்கு மேலே, இரண்டு வகுப்பறையும் ஓர் அலுவலகமும். நடுவில் பலகைத் தடுப்பு. சமயமும் தத்துவமும் சொல்லித்தரும் டிப்ளமா வகுப்பு, அதுவும் தமிழில். வேலை முடித்துவிட்டு வரும் பெரியவர்கள்தான் மாணவர்கள். மருத்துவமனைத் தாதி, பஸ் ஓட்டுநர், துணைப்பாட ஆசிரியை, சைனாடவுன் மாரியம்மன் கோவிலில் தொண்டு செய்கிறவர், துவாஸிலிருந்து இரண்டு வண்டி மாறி வரும் கட்டுமான மேற்பார்வையாளர். கீழே மிளகாய் வறுத்தால் மேலே மொத்த வகுப்பும் தும்மும். நீங்கள் கிறிஸ்தவமும் மேற்கத்தியத் தத்துவமும் எடுத்தீர்கள். குருமடத்தில் ஏழு வருஷம் படித்துவிட்டு, குருப்பட்டம் வாங்கும் நேரத்தில் வெளியே வந்து ஸ்டெல்லா அக்காவைக் கட்டிக்கொண்டவர். எனக்குச் சைவ சித்தாந்தம். நெற்றி நிறையத் திருநீறு, மூக்குக்கு மேல் கோபம்.

ஆரம்பமே சண்டைதான். நான் வேலைக்குச் சேர்ந்த ஏழாவது வாரம். பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் உங்கள் குரல் கேட்கிறது. இந்துக்கள் எல்லாவற்றையும் தலைவிதி என்று விட்டுவிடுவார்கள், அதனால் அவர்களுக்கு அநியாயத்தின்மேல் கோபம் வராது என்று ரொம்ப அமைதியாக விளக்கிக்கொண்டிருந்தீர்கள். எனக்குக் கோபம் வந்தது. எழுதிக்கொண்டிருந்த பேனாவைக்கூட வைக்காமல் உங்கள் வகுப்புக்குள் போய், பன்னிரண்டு பேருக்கு முன்னால், சார் நீங்கள் சொல்வது தப்பு என்றேன். உங்கள் முகம் சிவந்துவிட்டது. வெளியே போங்கள் என்று சொல்லியிருக்கலாம், சொன்னால் நான் வேலையை விட்டுவிட்டுப் போயிருப்பேன். நீங்கள் நாற்காலியை இழுத்துப் பின்வரிசையில் போட்டு உட்கார்ந்துகொண்டு, "அப்போ நீங்க சொல்லிக் குடுங்க. நான் கேக்குறேன். அடுத்த வாரம் என் மதத்தை நீங்க எடுக்கணும். நான் இங்கேயே உக்காந்து தப்பு பிடிப்பேன், சம்மதமா?" என்றீர்கள்.

அன்றைக்குச் சம்மதித்ததுதான். ஒவ்வொரு பருவமும் ஏழாவது வாரம் வந்தால் நாம் இருவரும் இடம் மாறிக்கொள்வோம். என் சமயத்தை நீங்கள் நடத்துவீர்கள், மறுவாரம் உங்கள் சமயத்தை நான். அந்தச் சமயத்தைச் சேர்ந்தவர் பின்வரிசையில் இல்லாமல் வகுப்பைத் தொடங்கக் கூடாது என்பது நம் முதல் கட்டுப்பாடு. 'அவர்கள் நம்புகிறார்கள்' என்று தள்ளி நின்று பேசக் கூடாது, அந்த வீட்டுக்குள் பிறந்தவர்போலப் பேச வேண்டும். பிசகினால் பின்வரிசை 'தப்பு' என்று சொல்லும், உடனே நிறுத்தித் திருத்திக்கொள்ள வேண்டும். கடைசியாக, வகுப்பு முடிவதற்குள் அந்தச் சமயத்திடம் கேட்கக்கூடிய கேள்விகளிலேயே கடினமானதைக் கேட்டாக வேண்டும். பின்வரிசை எழுந்து பதில் சொல்லும். பதில் இல்லாவிட்டால் தெரியாது என்று சொல்லும். சப்பைக்கட்டு மட்டும் கூடாது.

அப்படிக் கேட்ட ஒரு கேள்விதான் இன்றைய வம்புக்கெல்லாம் மூலம். உங்களுக்கு நினைவிருக்கும், முருகேசன் இருந்த அந்த வகுப்பு. துவாஸ் மேற்பார்வையாளர், அதிகம் பேசாத மனிதர், எப்போதும் கதவோரம் உட்காருவார். நீங்கள் வினைக் கொள்கையை எடுத்தீர்கள். சும்மா சொல்லக் கூடாது, அன்றைக்கு நானே மயங்கிப்போனேன், இவ்வளவு தெளிவாக எனக்கு எடுக்க வராது. கடைசியில் என்னைப் பார்த்துக் கேட்டீர்கள். துவாஸில் ஒருவன் உயரத்திலிருந்து விழுந்து சாகிறான். அது அவன் வினை என்றால், அவனை அங்கே ஏற்றிய முதலாளிக்கு என்ன பொறுப்பு?

நான் எழுந்தேன். எனக்கா பதில் தெரியாது? விழுந்தவனுக்கு அது பழைய வினையின் பயனாகவே இருக்கட்டும், அதைப் பிராரத்தம் என்போம். ஆனால் கவனிக்காமல் விட்டவனுக்கு அது இன்று, இந்தக் கையால் செய்துகொண்ட புதுவினை, அதற்கு ஆகாமியம் என்று பெயர், அடுத்தவன் விதியைக் காட்டி யாரும் தன் கையைக் கழுவ முடியாது என்று அடுக்கினேன். எனக்கே என் பேச்சு பிடித்துப்போயிருந்தது. அப்போதுதான் கதவோரத்திலிருந்து முருகேசன் குரல் வந்தது.

"மேடம், போன மாசம் எங்க சைட்ல ஒருத்தர் விழுந்து இறந்துட்டார். புதுக்கோட்டைப் பக்கத்து ஆளு. பெல்ட் கொக்கிய மாட்டிருக்காரான்னு நான் பாக்கல. அவரே கழட்டிட்டார்னு ரிப்போர்ட்ல எழுதி என் சைன் வாங்கிட்டாங்க. அது எனக்கு ஆகாமியமா மேடம்?"

உங்களைப் பார்த்தேன். நீங்கள் உதவிக்கு வரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றீர்கள். இல்லை முருகேசன், நீங்கள் நல்லவர், மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பிறகு, "ஆமா" என்றேன். அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். தாதி எழுந்துபோய் அவருக்குத் தண்ணீர் கொடுத்தார். நீங்கள் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தீர்கள்.

மறுநாள் முருகேசன் போய்த் தான் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட் பொய் என்று எழுதிக் கொடுத்தார். அந்த வேலை போயிற்று. இறந்தவரின் பழி துடைக்கப்பட்டது, ஊரில் இருந்த அவர் பெண்டாட்டிக்கும் இரண்டு மகள்களுக்கும் சேர வேண்டியது சேர்ந்தது. அதெல்லாம் நமக்கு மாதக்கணக்கில் கழித்துத்தான் தெரியவந்தது. அதற்குள்ளேயே கல்லூரிக்கு ஒரு புகார் வந்துவிட்டது, பெயர் போடாமல். கிறிஸ்தவர் ஒருவர் கர்மாவைப் பற்றிக் கிண்டலாகக் கேள்வி கேட்டு இந்து மாணவர் ஒருவரை அழவைத்தார் என்று. யார் எழுதியது என்று இன்றுவரை தெரியாது. முருகேசன் இல்லை என்பது மட்டும் தெரியும். நீங்கள் இயக்குநரைக் கீழே காப்பிக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு மணி நேரம் பேசினீர்கள், புகார் அப்போதைக்கு அடங்கியது. உங்களுக்கு இருந்த அந்த வாய் எனக்கு இல்லை. நான் போயிருந்தால் காப்பி அவர் தலையில் இருந்திருக்கும்.

அடுத்த வருஷம் உங்களுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். சட்டை தோளில் நிற்காத அளவுக்கு இளைத்துவிட்டீர்கள். ஆனாலும் ஏழாவது வாரத்தையும் விடவில்லை, மறுவாரத்தையும் விடவில்லை. உங்கள் சமயத்தை நான் எடுக்க வேண்டிய அந்தச் சாயங்காலம், மூன்று மாடியையும் எட்டு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறி வந்தீர்கள். நான் பாடம் நடத்தினேன். படைப்பு, பாவம், மீட்பு, அருள் எல்லாம் ஒழுங்காக வந்தன. உங்களுக்கு ஒரு 'தப்பு'கூட அகப்படவில்லை. கடைசிக் கேள்விக்கு வந்தேன். கேட்க வேண்டியது என்ன என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும், அந்த அறையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். உங்கள் கன்ன எலும்பைப் பார்த்தேன். எனக்குத் தைரியம் வரவில்லை. கிறிஸ்தவத்தில் இத்தனை சபைகள் ஏன் பிரிந்தன என்று ஒன்றைக் கேட்டு வைத்தேன்.

நீங்கள் நாற்காலியை விட்டு எழவில்லை. மாணவர்கள் எல்லாரும் போகும்வரை பொறுத்திருந்தீர்கள். அத்தனை வருஷத்தில் நீங்கள் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை, அன்றைக்குக் கேட்டேன்.

"முருகேசன்கிட்ட ஆமான்னு சொன்னவங்கதானே நீங்க? எனக்கு மட்டும் என்ன? என் வியாதிக்காக என் மதத்துக்குச் சலுகை குடுக்காதீங்க டீச்சர். அத விடப் பெரிய அவமானம் எனக்கு வேற இல்ல."

சமயங்களை ஒப்பிட்டுப் படித்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு நான் செய்தது. மரியாதை என்று நினைத்துக்கொண்டு அடுத்தவர் நம்பிக்கையைக் கண்ணாடிப் பாத்திரமாக்கி அலமாரியில் வைத்துவிடுவோம். அது தானாக நிற்கும் என்று நமக்கு நம்பிக்கை இருந்திருந்தால் தொட்டுப் பார்த்திருப்போமே. நான் அழுதுகொண்டே வீட்டுக்குப் போனேன். உங்கள்மேல் கோபமாகவும் இருந்தது. சாகக் கிடக்கிறவருக்கு இவ்வளவு வீம்பா என்று ரயிலிலேயே வாய்விட்டுத் திட்டினேன்.

அடுத்த வியாழக்கிழமை அந்த வகுப்பை மறுபடி எடுத்தேன். இந்தத் தடவை கேட்டேன். அன்பான கடவுள் ஒருவர் இருந்தால், எல்லாம் வல்லவராகவும் இருந்தால், உங்கள் வயிற்றுக்குள் இதை ஏன் விட்டு வைத்திருக்கிறார்? நீங்கள் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்தீர்கள். தெரியாது என்றீர்கள். சிலுவையில் தொங்கியவரும் இதே கேள்வியைத்தான் கேட்டார், அவருக்கே அப்போது பதில் வரவில்லை, எனக்கு மட்டும் தனியாக வருமா என்றீர்கள். அவர் கேட்ட கேள்வியைக் கேட்கிற உரிமையாவது எனக்கு இருக்கிறதே, அது போதும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தீர்கள். தாதி அழுதுகொண்டிருந்தார். உங்கள் முகத்தில் சிரிப்பு இருந்ததாக எனக்கு நினைவு. அதுதான் நீங்கள் வந்த கடைசி வகுப்பு.

தோபாயோவில் உங்கள் அடுக்குமாடி புளோக் கீழ்த்தளத்தில் சவப்பெட்டியில் படுத்திருந்தீர்கள். திருநீற்றோடுதான் வந்தேன், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இயக்குநரும் வந்திருந்தார், ஒலிவாங்கியைப் பிடித்து, நல்லிணக்கத்தின் சின்னம், யார் மனதையும் நோகடிக்காதவர் என்று உங்களைப் புகழ்ந்தார். யாரைப் பற்றிப் பேசுகிறார் என்று நான் ஒரு கணம் திரும்பிப் பார்த்தேன். என் மனதை நீங்கள் நோகடித்த கணக்கே தனியாக இருக்கிறது. நீங்கள் எழுந்து 'தப்பு' என்று சொல்ல மாட்டீர்களா என்று பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று மாதம் கழித்து இயக்குநர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். பழைய புகாரை எடுத்து மேசைமேல் வைத்தார். இனிமேல் அவரவர் சமயத்தை அவரவர்தான் எடுக்க வேண்டும். பாடக் குறிப்பை முன்னாலேயே அலுவலகத்தில் காட்ட வேண்டும். மாணவர்கள் கேள்வியை மூன்று நாள் முன்னால் எழுதிக் கொடுக்க வேண்டும், அலுவலகம் பார்த்துப் பொருத்தமானதை மட்டும் அனுமதிக்கும். ஏழாவது வார வகுப்பு ரத்து.

"நான் உங்களுக்கு எதிரி இல்ல மேடம். ஒரு கம்ப்ளெய்ண்ட் பெரிசா போனா போதும், எல்லாம் முடிஞ்சிடும். சென்சிட்டிவ் விஷயம்லா. ஹார்மனிதானே நமக்கு முக்கியம்?"

அவர் கெட்டவர் இல்லை. பயப்படுகிறவர். மதத்தைப் பற்றி வாய் தவறினால் எங்கே போய் முடியும் என்ற பயம் இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கும் உண்டு, அதில் நியாயமும் உண்டு. அதனால்தானே சம்பந்தப்பட்டவரை எதிரே உட்கார வைத்துக்கொண்டு பேசுகிறோம், முதுகுக்குப் பின்னால் பேசுவதுதானே ஆபத்து என்றேன். அவருக்கு ஏறவில்லை. கடைசியில் எனக்குப் பொறுக்கவில்லை.

"தம்பி, நம்ம புளோக் லிஃப்ட்ல எல்லாரும் நம்பரைப் பாத்துக்கிட்டு வாயைத் தொறக்காம நிக்கிறோமே, யாரும் யாரையும் இடிக்கிறதில்ல. அதுக்குப் பேரு ஹார்மனின்னா, அதைச் சொல்லிக் குடுக்க எதுக்கு ஒரு காலேஜு?"

அவருக்கு முகம் சுண்டிவிட்டது. மறுநாளே கதவில் அறிவிப்பு ஒட்டிவிட்டார்கள்.

வகுப்பை நடத்துவது என்று நான் முடிவுசெய்துவிட்டேன். சாவி என்னிடம் இருக்கிறது, நாக்கும் இருக்கிறது. இல்லாதது பின்வரிசை. உங்கள் சமயத்தை நான் எடுக்க வேண்டுமானால், தப்பு என்று சொல்ல ஒரு கிறிஸ்தவர் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும். அது இல்லாமல் எடுத்தால் புகார் எழுதியவர் சொன்னது உண்மையாகிவிடும். உங்கள் பங்குக் கோவிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுக்கும் ஒருவரைக் கேட்டேன். கும்பிடு போட்டு, எதற்குங்க இந்த வம்பு என்றார். வேறு யாரையும் எனக்குத் தெரியவில்லை, ஒருவரைத் தவிர. அந்த வீட்டுக் கதவைத் தட்டத்தான் எனக்குக் கை வரவில்லை, ஆனாலும் போய்த் தட்டினேன்.

ஸ்டெல்லா அக்கா கதவைத் திறந்து, உள்ளே வாங்க என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டார். உங்கள் படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. தேநீரைக் கொண்டுவந்து வைத்தார், எதிரே உட்காரவில்லை. நான் வந்த காரியத்தைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் பேசினார். நான் உங்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்ட அன்றைக்கு வீட்டுக்கு வந்து நீங்கள் அழுதீர்களாம். எனக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன்.

"உங்க மேல எனக்கு அவ்வளவு கோவம். சாகப் போறவர்கிட்ட கேக்குற கேள்வியா அது? படிச்சவங்கதானே நீங்க?"

மன்னிப்புக் கேட்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது. கேட்டால் அது பொய்யாகியிருக்கும். நான் முதலில் கேட்காமல் விட்டதையும், அதற்கு நீங்கள் என்னைத் திட்டியதையும் சொன்னேன், சலுகை என்ற அந்த வார்த்தை உட்பட. அக்காவுக்கு அது தெரிந்திருக்கவில்லை. வீட்டில் நீங்கள் அழுததை எனக்குச் சொல்லவில்லை, வகுப்பில் நீங்கள் கத்தியதை அவருக்குச் சொல்லவில்லை. நல்ல மனிதர்தான் நீங்கள். அக்கா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். வியாழக்கிழமை சாயங்காலம் கோவில் பூசைக்குப் போகிற வழக்கம் உண்டு, பார்க்கிறேன் என்றார். சரி, வர மாட்டார் என்று எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

வியாழக்கிழமை ஏழு மணி. கதவில் ரத்து அறிவிப்பு அப்படியே இருந்தது. அதைக் கிழிக்கவில்லை, பக்கத்தில் சாவியைப் போட்டுத் திறந்தேன். ஒன்பது பேர் வந்தார்கள். படிப்பை முடித்துவிட்டுப் போன முருகேசனும் தாதியும் வந்திருந்தார்கள், எப்படித்தான் தெரிந்ததோ. பின்வரிசை காலி. ஏழே கால் ஆயிற்று. இன்று வகுப்பு இல்லை என்று சொல்லிவிட்டு அனுப்பிவிட வேண்டியதுதான், பின்வரிசை இல்லாமல் எடுக்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டை மீறவும் முடியாது, இயக்குநர் என்ன, நானே ரத்து செய்துவிட்டதாக ஆகிவிடும் என்று நினைத்துக்கொண்டே சாவியைக் கையில் எடுத்தேன். அப்போது படிக்கட்டில் மூச்சு வாங்கும் சத்தம். ஸ்டெல்லா அக்கா, வெள்ளைச் சேலை, கையில் குடை. யாரையும் பார்க்காமல் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

நான் தொடங்கினேன். சிலுவையில் தொங்கியவர் அடிவாங்கியதையும் செத்ததையும் சொல்லி, உயிர்த்தெழுந்த இடத்துக்கு வந்தேன். உடம்பை இங்கேயே விட்டுவிட்டு ஆன்மா வெற்றி பெற்று மேலே போயிற்று என்று ஏதோ சொல்லிக்கொண்டு போகிறேன், பின்வரிசையிலிருந்து குரல் வந்தது.

"தப்பு. ஆத்மா மட்டும் இல்ல. உடம்போட எந்திரிச்சார். கையில காயத்தோட."

நான் நிறுத்தினேன். இருபத்தொரு வருஷம் உங்கள் சமயத்தைப் பாடம் எடுத்திருக்கிறேன். உடம்பு கழற்றிப் போடும் சட்டை என்று என் இரத்தத்தில் ஊறியது கொஞ்சம் அசந்தால் வெளியே வந்துவிடுகிறது. திருத்திச் சொன்னேன். காயத்தோடு என்பதை இரண்டு தடவை சொன்னேன். அக்கா தலையை ஆட்டினார்.

கடைசிக் கேள்வி வந்தது. அக்காவைப் பார்த்தே கேட்டேன். "இதே ரூம்ல பாடம் எடுத்தவரை, உங்க வீட்டுக்காரரை, பதினாலு மாசம் வலியில துடிக்க விட்டுட்டு எடுத்துக்கிட்டாரு உங்க கடவுள். அவர் அன்பானவர்னு சொல்றீங்க. அன்பு இப்படித்தான் செய்யுமா?"

தாதி என்னை எரித்துவிடுவதுபோலப் பார்த்தார். அக்கா எழுந்து நின்றார். மேடையில் பேசிப் பழக்கம் இல்லாதவர், வகுப்பறைக்கு முதல் தடவையாக வந்தவர், என்ன சொல்லப் போகிறாரோ, பாதியில் அழுதுகொண்டு இறங்கிப் போய்விடுவாரோ என்று அவர் முகத்தையே பார்த்தேன்.

"எனக்குத் தெரியாது. எனக்கும் கோவம்தான். தினம் கோவிலுக்குப் போறேன். முன் பெஞ்சுல போய் உக்காந்துக்கிட்டு, ஏன் செஞ்சீர்னு கேக்குறேன். அவர் பதில் சொல்லல. நானும் எந்திரிச்சுப் போகல."

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். முருகேசன் எழுந்து நின்றார், ஏன் நின்றார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. பிறகு மற்றவர்களும் எழுந்தார்கள். எத்தனையோ சித்தாந்தம் படித்திருக்கிறேன், அதற்குச் சமமான பதிலை நான் கேட்டதில்லை. நீங்கள் சொன்னதுகூட அவ்வளவு இல்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். படியிறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, இவ்வளவு மாடி ஏற வைக்கிறீர்களே, ஒரு டீகூடக் கொடுக்க மாட்டீர்களா என்று கேட்டார். கீழே காப்பிக்கடையில் இரண்டு பேரும் இஞ்சி போட்ட தே ஹாலியா குடித்தோம். உங்களைப் பற்றிப் பேசவே இல்லை.

மறுநாள்தான் அந்தக் கடிதம் வந்தது. யாராவது சொல்லியிருப்பார்கள், அல்லது கதவுக்கு மேலே இருக்கும் கேமரா பார்த்திருக்கும். அடுத்த பருவத்துக்கான அட்டவணையில் என் பெயர் பென்சிலில் இருப்பதாக அலுவலகத்தில் காதில் போட்டார்கள். அழிக்க வசதியாக இருக்கட்டும். விளக்கத்தை இப்போதுதான் எழுதி முடித்தேன். வகுப்பு நடந்தது என்று எழுதினேன். சம்பந்தப்பட்ட சமயத்தைச் சேர்ந்தவர் எதிரே இருந்தார், என் தப்பைத் திருத்தினார், கேள்விக்குப் பதில் சொன்னார். அடுத்த பருவமும் ஏழாவது வாரம் வரும், அப்போதும் நடக்கும், அறை இல்லாவிட்டால் ஈசூனில் என் புளோக் கீழ்த்தளத்தில் நடக்கும் என்றும் எழுதினேன். என் சமயத்தை எடுக்க யார் என்று இன்னும் தெரியவில்லை. அக்காவிடம் கேட்டிருக்கிறேன், நான் என்னத்தைக் கண்டேன் என்கிறார், ஆனால் வினையைப் பற்றி ஒரு புத்தகம் இரவல் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.

நான் சைவச்சி. கட்டையில் வைக்கும்வரை நெற்றியில் இதுதான். நீங்களும் ஒருநாளும் என்னை மாறச் சொன்னதில்லை, சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் உங்களை ஏன் எடுத்துக்கொண்டார் என்று உங்கள் கடவுளிடம் கேட்பதற்கு ஒரு கேள்வி என்னிடம் இருக்கிறது. கேட்காமல் விட்டால் அவமானம் என்று என் முகத்துக்கு நேரே சத்தம் போட்டு அதை என்னிடம் கொடுத்தது நீங்கள். அதை யாரிடமும் மூன்று நாள் முன்னால் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க மாட்டேன்.